மூங்கில் பிளாச்சு ஸ்டார்

போன ஆடி மாதம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. பேச்சும் தேறிவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. விரல் மடங்கும், எதையும் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தருகிற அம்மா ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். கைக்கு வேலை கொடுக்காமல் விட்டால் அப்படியே நின்றுவிடும் என்றார்.

இவள் இரண்டு நாள் அமுக்கினாள். மூன்றாம் நாள் பந்தைக் கட்டிலுக்கு அடியில் விட்டெறிந்தாள்.

"நான் இன்னா கொயந்தையா, பந்து வெச்சிகினு ஆட?"

அதற்கப்புறம் அந்தக் கையை அவள் எதற்கும் எடுக்கவில்லை. நானும் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். எனக்கு அதிகம் பேச வராது.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிட, பரணில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டாரை இறக்கினேன். எலி கடித்து இரண்டு முனை இல்லை. புதுசு வாங்கத்தான் கிளம்பினேன். காலடிப்பேட்டையில் ரோட்டோரம் கூடை பின்னுகிறவர் மூங்கில் பிளந்து போட்டிருந்தார். பத்துப் பிளாச்சும் காத்தாடி பேப்பரும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

சின்ன வயதில் நானும் அவளும் ராயபுரத்தில் ஒரே தெரு. கிறிஸ்துமஸ் லீவில் மைதா பசை காய்ச்சி, அவரவர் வீட்டு ஸ்டாரை அவரவரே கட்டுவோம். அவள் வீட்டு ஸ்டார்தான் எப்பவும் பெரிசு. எங்களுடையது கோணல். கல்யாணத்துக்கு அப்புறம் கட்டவே இல்லை. ஷிப்டு, பிள்ளைகள், அப்படியே போய்விட்டது.

ஐந்து பிளாச்சில் ஒரு ஸ்டார். அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டணும். அப்புறம் உள் மூலை ஐந்திலும் இரண்டு ஸ்டாருக்கும் நடுவே நாலு விரல் உயரக் குச்சி நட்டால் வயிறு மாதிரி உப்பும்.

நான் முப்பது வருஷம் ஹார்பரில் கலாசி. கப்பல் சரக்குக்குக் கயிறு போட்ட கை. எல்லா முடிச்சையும் முதலிலேயே இறுக்கிவிட்டேன். குச்சி நடப் போனால் பிளாச்சு இடம் கொடுக்கவில்லை. குச்சி தெறித்துக் குடத்தில் விழுந்தது.

நாற்காலியில் இருந்தவள் சிரித்தாள். ஆடிக்கு அப்புறம் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

"யோவ், இன்னாயா கட்டிக்கீற? ஸ்டாரா, கிரேன்ல தூக்குற மூட்டையா? லூசா கட்டுயா. குச்சி நின்னப்பொறம் இறுக்கு."

"உங்க வூட்டு ஸ்டாரு மட்டும்தான் ஸ்டாரு, அதானே?"

"பின்ன? உங்க வூட்டு ஸ்டாரப் பாத்திருந்தா ஏசு பாலனத் தேடி வந்த மூணு ராஜாவும் வயி தப்பிக் காசிமேட்டுக்குப் போயிருப்பாங்க."

அத்தனை முடிச்சையும் அறுத்தேன். லூசாகக் கட்டினேன். குச்சி நடும்போது இரண்டு பிளாச்சையும் யாராவது விரித்துப் பிடிக்கணும். "இன்னாமே, இதப் புடி" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

மேல் பிளாச்சை இடது கையால் பிடித்தாள். கீழ்ப் பிளாச்சுக்கு இன்னொரு கை வேண்டும். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். வலது கை மெதுவாக வந்தது. விரல்களைப் பிளாச்சில் மாட்டினாள். நழுவியது. குச்சி என் கன்னத்தில் அடித்தது.

"வுடுயா. இது செத்த கை." இழுத்துக்கொண்டாள்.

சமாதானம் சொன்னால் எழுந்து போய்விடுவாள். குச்சியை அதே மூலையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடுப்பில் வைத்திருந்த மைதா பசை பொங்கி வழிந்தது. போகட்டும் என்று விட்டேன்.

கை திரும்பி வந்தது.

நாலாவது தடவை குச்சி நின்றது. ஐந்தும் நிற்க மத்தியானம் ஆகிவிட்டது. கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு, "போதும், வுடு" என்றேன்.

"வுட வரலய்யா."

விரல்கள் பிளாச்சைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். அந்தப் பிடிக்காக ஆண்டவருக்கு அங்கேயே மனசுக்குள் நன்றி சொன்னேன். அவளுக்கும் சொல்லணும். எப்படி என்று தெரியவில்லை. சிவப்பு பேப்பரில் பசை தடவி, அந்தக் கைப் பக்கம் நீட்டினேன்.