பாதி வழியில் நின்ற துகள்

சென்னையிலிருந்து வந்த ரயில் கரக்பூரை நெருங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. எதிர் இருக்கைக்காரர் அவ்வூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் தமிழர். இறங்குவதற்காகப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டே, கொல்கத்தாவுக்கு என்ன வேலையாகப் போகிறேன் என்று கேட்டார். துருவத்து மேகங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றேன்.

“நம்ம ஊருக்கு மழை தருமா அது?”

“தராதுங்க.”

“அப்புறம் உனக்கெதுக்கும்மா அந்தக் குளிரு?”

சிரித்தபடி இறங்கிப் போய்விட்டார். திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவள் துருவத்தைப் பற்றிப் பேசக் கூடாதென்று எவரும் சட்டம் இயற்றவில்லை. இயற்றினாலும் நான் அதற்குக் கட்டுப்படப் போவதில்லை.

சாந்த்ராகாச்சியில் இறங்கியபோது காலை ஒன்பது மணி. நான் தங்கவிருந்த பவானிபூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். மஞ்சள் டாக்சிக்காரர் நானூறு ரூபாய் கேட்டார். ஹூக்ளி ஆற்றின் மேல் பனிமூட்டம் கலையாத அந்த நீண்ட பாலத்தில் வண்டி ஏறியபோது, பயிலரங்கை நடத்தும் பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். நான் மேகத் துகள்களின் வளர்ச்சியைப் பற்றி மட்டும் பேச வேண்டும். அவை கீழிறங்குவதைச் சுவரொட்டியில் எழுதி ஒட்டினால் போதும். இந்தக் குளிர்காலத்துக்கு எல்லோரும் சேர்ந்து தயாரிக்கும் ஓசோன் கூட்டுக் கணிப்பில் அந்தப் பகுதி சேராது.

என் ஆய்வின் பாதியை அந்த மின்னஞ்சல் அறுத்துவிட்டது. துருவக் குளிர்காலத்தில், தரைக்கு இருபது கிலோமீட்டர் உயரத்தில், நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்து உறைந்து மேகத் துகள்களாகின்றன. வளர வளரத் துகள் கனக்கிறது, கனத்தால் இறங்குகிறது, இறங்கும் வழியில் புதிய அடுக்கின் ஆவியைப் பற்றி மேலும் வளர்கிறது. வளர்ச்சியே வீழ்ச்சிக்குக் காரணம், வீழ்ச்சியே வளர்ச்சிக்கு உணவு. இவற்றில் ஒன்றை மட்டும் கணக்கிட்டால் கிடைப்பது பாதி உண்மை அல்ல, முழுப் பொய்.

நான் தங்கியது ஜெயந்தி அக்கா வீட்டில். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர், வங்கி அதிகாரி, பிறந்தது முதலே பவானிபூர்வாசி. மின்னஞ்சலைப் படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

“இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிண்டிருக்கே? வங்காளத்துல ‘டிக் ஆச்சே’ம்பா, சரின்னு எழுதிடு. மேடையில ஏறி உன் இஷ்டத்துக்குப் பேசிக்கோ. பேச்சுக்காராள்லாம் அதானே பண்றா?”

“நான் அப்படிப் பண்ண மாட்டேன்கா. சொல்லிட்டுதான் சண்டை போடுவேன்.”

“சரியான ஜான்சி ராணி. கிளம்பு, தோசை சாப்பிட்டுட்டு சண்டை போடலாம்.”

லேக் மார்க்கெட்டில் தோசைக்குக் காத்திருந்தபோது பதில் எழுதினேன்: இரண்டையும் சேர்த்தே பேசுவேன், இயலாதெனில் என் பெயரை நீக்கிவிடுங்கள். தோசை வந்ததும் அனுப்பிவிட்டேன். பெயர் நீங்கினால் கூட்டுக் கணிப்பில் எனக்கும் இடமில்லை, துகளின் இறக்கத்துக்கும் இடமில்லை. தட்டு காலியாகும்போது பதில் வந்தது. ‘பேசுங்கள். பத்தாம் நிமிடத்தில் மணி. மணிக்குப் பின் ஒரு சொல்லும் கூடாது.’

மாலையில் ஜெயந்தி அக்கா கைப்பேசியில் நேரம் பார்க்க, கூடத்தில் நின்று பேசிப் பார்த்தேன்.

“பதினாலு நிமிஷம். நாலை வெட்டு.”

“நான் வெட்டப் போறதில்லை. அவரே வெட்டட்டும்.”

மறுநாள் முற்பகல் பதினொன்றரைக்கு மேடையேறினேன். முதல் வரிசையில், மேசை மணியில் விரல் வைத்தபடி பேராசிரியர் அமர்ந்திருந்தார். ஒரேயொரு துகளைப் பயணியாக்கி அதன் வழியைச் சொன்னேன்: பூஜ்ஜியத்துக்குக் கீழே எண்பது பாகைக் குளிரில் அது பிறந்தது, சுற்றிலும் போட்டிக்குத் துகள்கள் குறைவு என்பதால் கொழுத்தது, தலைமயிரின் தடிமனில் சிறு பங்கே இருந்தும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இறங்கத் தொடங்கியது. “பதினெட்டு கிலோமீட்டர் உயரத்தையும் கடந்து, தான் சுமந்த அமிலத்தோடு அது…”

மணி அடித்தது.

பேச்சுப் போட்டி மேடைகளில் நான் கற்ற முதல் ஒழுக்கம் மணிக்குப் பணிவது. அந்தச் சொல்லிலேயே நிறுத்தினேன். வணங்கினேன். ஒலிபெருக்கியை விட்டு ஓரடி விலகி நின்றேன். அரங்கில் எவரும் கை தட்டவில்லை. துகள் எல்லோர் தலைக்கு மேலும் தொங்கிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் மணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கேள்வி நேரம். என் கேள்வியே முதலில். அது எங்கே போய்ச் சேர்ந்தது?”

நான் மீண்டும் ஒலிபெருக்கியின் முன் வந்தேன். துகள் கீழே இறங்கி ஆவியாகி, அமிலத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. அதனால் மேலே, வசந்தத்தின் வெளிச்சம் திரும்பும்போது, ஓசோனைத் தின்னும் குளோரினைக் கட்டிப்போட அங்கே போதிய நைட்ரஜன் மிஞ்சுவதில்லை. “இறக்கத்தைக் கணக்கிலிருந்து நீக்கினால், அமிலம் மேலேயே இருப்பதாகவும் ஓசோன் விரைவில் மீள்வதாகவும் கணினி ஆறுதல் சொல்லும். அந்த ஆறுதலுக்குக் கையெழுத்திட நான் இங்கு வரவில்லை.”

தேநீர் இடைவேளையில் அவர் அருகில் வந்தார். “மொத்தம் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டீர்கள்.”

“நான் எடுத்தது பத்து, ஐயா. மீதி நான்கு நீங்கள் கேட்டது.”

அவர் தேநீரை உறிஞ்சினார். சிரிப்பை மறைக்கவே உறிஞ்சினார் என்பது என் துணிபு.

இரண்டு நாள் கழித்து, திரும்பும் ரயிலுக்காக சாந்த்ராகாச்சி நடைமேடையில் நின்றபோது அவருடைய செய்தி வந்தது: கூட்டுக் கணிப்பில் வளர்ச்சியும் இறக்கமும் ஒன்றாகவே சேர்க்கப்படும், அந்தப் பகுதி என் பொறுப்பு.

கரக்பூரில் வண்டி நின்றது. சன்னல் வழியே அந்தப் பணிமனைக்காரரைத் தேடினேன், காணவில்லை. அந்த மேகம் நம்மூருக்கு மழை தராது. அதைத் திருநெல்வேலியிலிருந்து ஒருபோதும் பார்க்கவும் முடியாது. கொல்கத்தாவின் அந்த அரங்கிலும் அதைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. ஆயினும், அது முழுவதுமாய் இறங்கித் தீரும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை.