நேர்மையான சாட்சி

ஒரு குளிர்காலப் பின்னேரம், செவன் கிங்ஸ் ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவன் என் போனைப் பறித்தான். நான் விடாமல் பிடித்தேன். அவன் தள்ளிய தள்ளில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பேக்கரியில் மா குழைக்கிற கை அது. மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் பல முகங்களை வீடியோவில் காட்டினார்கள். இரண்டு தரம் பார்த்துவிட்டு ஒரு முகத்தைக் காட்டி, இவன்தான் என்றேன். எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

வழக்கு, பெரிய குற்றங்களை விசாரிக்கிற கிரவுண் கோர்ட்டுக்கு வந்தது. நான் காட்டிய அந்த இளைஞனுக்கு எதிராக என் சாட்சியைத் தவிர வேறெதுவும் இல்லை. கரண்டி பிடிக்கக்கூட ஏலாமல் இருந்ததைச் சொன்னபோது தீர்ப்புச் சொல்ல இருந்த பொதுமக்கள் குழுவான ஜூரியில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். இனி என்ன, வழக்கு முடிந்த மாதிரித்தான் என்று நினைத்தேன். அவனோ என் போன் பறிபோன நேரம் தாயோடு வீட்டில் இருந்ததாகச் சொன்னான். தாயும் வந்து அதையே சொன்னாள்.

கடைசியில் நீதிபதி ஜூரிக்கு வழிகாட்டல் சொன்ன நாளில், நானும் மகளும் பார்வையாளர் பகுதியில் இருந்தோம். நீதிபதி வயதான பெண்மணி. குரலை உயர்த்தாமல், நிறுத்தி நிறுத்திப் பேசினார். காயப்பட்டவர் மேல் இரக்கம் வருவது இயல்பு, ஆனால் இரக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றார். பிறகு, நேர்மையான சாட்சி, முழு நம்பிக்கையோடு பேசுகிற சாட்சிகூட, ஆளை மாறிச் சொல்லலாம், அப்படி நடந்திருக்கிறது என்றார்.

மகள் என் காதோடு கேட்டாள். “அப்பா, நீங்கள் பொய் சொல்லுறீங்கள் எண்டே அவ சொல்லுறா?”

“இல்லை. நான் பிழை விட்டிருக்கலாம் எண்டு சொல்லுறா.”

எனக்கு முகம் சுட்டது. எழும்பிப் போய்விடலாமோ என்றுகூட இருந்தது. நீதிபதி தொடர்ந்து, ஜூரி தங்களைத் தாங்களே கேட்க வேண்டிய கேள்விகளைச் சொன்னார். சாட்சி அந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தார்? வெளிச்சம் எப்படி? இடையில் ஏதாவது மறைத்ததா? முன்பு அவனைத் தெரியுமா?

இதையெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீலும் கேட்டவர்தான். அவர் கேட்டபோது என்னை மடக்கப் பார்க்கிறார் என்று பட்டது. விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னேன். இப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. அதனாலோ என்னவோ, மனம் தானாகவே பதில் தேடியது. இருட்டத் தொடங்கிய நேரம். அவன் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தான். எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் என் கண்ணில் அடித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் என் போனை.

அடுத்த நாள் ஜூரி அவனைக் குற்றவாளி இல்லை என்றது.

கோர்ட் நடைக்கூடத்து வாங்கில் அவனுடைய தாய் மகனின் கையைத் தன் மடியில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒரு கணம் நின்றுவிட்டு வாசலை நோக்கி நடந்தேன்.

வெளியே வந்ததும் மகள் கோபத்தோடு நின்றாள். “அவன்தானே அப்பா?”

“தெரியேல்லை பிள்ளை,” என்றேன்.

ரயிலில் வீட்டுக்குப் போனோம். இறங்கும்போது அவள் என் வலது கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.