மாமா ஓடாத பிரான்ஸ் ரோட்டு

பிளாக்டவுனில் நீங்கள் கார் நிறுத்தும் வீட்டு வாசல்களில் பாதிக்குக் கொங்கிறீட் போட்டவன் நான். பாதி கூடிப் போச்சென்றால் கால்வாசி என்று வையுங்கள். அந்தக் கால்வாசியில் ஒன்றுகூட இதுவரை வெடிக்கவில்லை. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலத்தில் நான் எழுதியதில் ஆக நீளமானது என்னுடைய கையெழுத்துத்தான். கடன் கேட்டுப் போன வங்கியில் கதிரை காட்டினார்களே தவிரக் கடன் காட்டவில்லை. ஓட்டை லொறி ஒன்றை வாங்கி, அதற்குக் கீழே படுத்து நானே திருத்தி, அதிலிருந்துதான் எழும்பினேன். பிறகு கொம்பனி, வீடுகள், பலசரக்குக் கடை. மழை விடாத ஒரு கிழமையில் ஒரு மண்டபத்துக்குத் தளம் போட வேண்டியிருந்தது. எஞ்சினியர் குடைக்குள் நின்று முடியாது என்றார். நான் நனைந்துகொண்டு நின்று முடித்தேன்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பதினொரு வயதில், நான் ஒப்பேற்றிய முதல் காரியம் என் மாமாவின் கலியாணம். அதை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாரிஸிலிருந்து விசிட்டர் விசாவில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். பிரான்ஸில் பல வருடம் இருந்தது உண்மை. இருந்த இடம் ஓர் உணவகத்தின் நிலக்கீழ்க் குசினி. அங்கே கோப்பை கழுவினார். அறையிலிருந்து சுரங்க ரயில், சுரங்க ரயிலிலிருந்து குசினி என்று போய் வந்தவர், பிரான்ஸ் நாட்டின் மேற்பரப்பை அதிகம் கண்டதில்லை.

வந்த சில நாளில் கோயிலில் பொங்கல் பரிமாறிய ஒரு பெண்ணைப் பார்த்து, அதே வரிசையில் திரும்பத் திரும்பப் போய் நின்றார். அந்தப் பெண்ணுக்கும் விளங்கிவிட்டது. கடைசித் தடவை முந்திரிப்பருப்புக் கூடுதலாகத் தேடிப் பார்த்துப் போட்டாளாம். பிறகு எங்கள் வீட்டுத் தொலைபேசி எந்நேரமும் மாமாவின் காதில்தான் இருந்தது. பெண்ணின் தகப்பன் ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்தார். அங்கேதான் சிக்கல்.

ஸ்ட்ராத்ஃபீல்ட் அங்கிள் ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். இங்கே வந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. ஞாயிறு விடிய இறுக்கமான கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு வெள்ளைக்காரர் கூட்டத்தோடு நீலமலைப் பக்கம் போவார். காற்று வழுக்கிப் போகட்டும் என்று கெண்டைக்கால் மயிரை வழித்திருந்தார். கோயிலில் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கால் கழுவினார் என்றால் அன்ரிமார் எல்லாரும் சுவாமியை விட்டுவிட்டு அந்தக் காலைத்தான் பார்ப்பார்கள். சாவதற்கு முன் பிரான்ஸ் நாட்டுப்புறத்தின் சின்ன ரோட்டுகளால், திராட்சைத் தோட்டங்களுக்குள்ளால், கால்வாய்க் கரைகளால் சைக்கிள் ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகளைக் கேட்டு வந்த ஒரு கணக்காளரை, ‘சைக்கிள், கார் இல்லாதவனுக்குத்தானே’ என்று சொன்னதற்காகவே திருப்பி அனுப்பியிருந்தார்.

அப்படிப்பட்டவர், கோயில் வாசலில் மாமாவைப் பிடித்துக் கேட்டார்.

“தம்பி பிரான்ஸ் எண்டு கேள்விப்பட்டன். அங்க சைக்கிள் ஓடினனீரோ?”

“ஓடாமல், அங்கிள்? லீவு கிடைச்சா அதுதான் வேலை. நாட்டுப்புறம் முழுக்க ஓடியிருக்கிறன்.”

அங்கிளின் முகம் விளக்கு ஏற்றினாற்போல ஆகிவிட்டது. வருகிற ஞாயிறு குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவதாகவும், வரைபடம் கொண்டு வருவதாகவும் சொல்லிப் போனார்.

வீட்டில் அப்பா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார். “மச்சான், கோப்பை கழுவின தண்ணிக்குள்ளயோ சைக்கிள் ஓடினனீ?”

“உங்களுக்கு எல்லாம் பகிடி,” என்றாள் அம்மா. “விசா முடியப் போகுது. உந்த மனிசன் ஓமெண்டு சொல்லாட்டி இவனுக்கு வில்லாவுட் தடுப்பு முகாமுக்குத்தான் சோறு கட்டிக்கொண்டு போகோணும்.”

மாமா என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் ஆங்கிலப் புத்தகம் வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். அடுத்த நாளே நூலகத்தில் பிரான்ஸ் கிராமங்களில் சைக்கிள் ஓடுவது பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்துத் தமிழில் சொன்னேன். மாமா தேவாரம் போலப் பாடமாக்கினார். பெரிய ரோட்டை விட்டு, ‘டி’ எழுத்தும் இலக்கமும் போட்ட சின்ன ரோட்டுகளால்தான் போக வேண்டும். வலது கைப்பக்கச் சின்ன ஒழுங்கையால் வருகிறவனுக்கே முதல் வழி. மத்தியானத்தில் பாண் கடை பூட்டியிருக்கும். முதலே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் போத்தலை ஊர் நடுவில் உள்ள குழாயில் நிரப்பலாம், குடிக்கக்கூடாது என்று எழுதியிருந்தால் நிரப்பக்கூடாது.

மாமா ஊர்ப் பெயர்களைக் குழப்பினார். அதற்கும் நானே வழி கண்டேன். நான் மூக்கைச் சொறிந்தால் லுவார் ஆற்றங்கரை. காதைத் தொட்டால் புர்கொன் திராட்சைத் தோட்டம். தலையைத் தடவினால் ப்ரொவான்ஸ், ஊதாப்பூ வயல். இப்போது எனக்குக் கீழே எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் மாமாவைப் போலச் சொல்வழி கேட்ட ஒரு வேலையாள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்: அங்கிள், அவருடைய மனைவி, பொங்கல் பரிமாறிய பெண். அங்கிள் இறைச்சிக்கறிச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு மேசை முழுக்க வரைபடத்தை விரித்தார். மாமா ஒரு முனையில். நான் அவருக்கு நேரே, மூக்கும் காதும் தயாராக.

“முதல்முதலாப் போறவன் எங்கால தொடங்கிறது நல்லம்?”

நான் மூக்கைச் சொறிந்தேன். மாமா ஆற்றங்கரையைப் பொழிந்து தள்ளினார். மேடு இல்லை, மாளிகைகள், படகுகள், மணல் திட்டுகள். அடுத்த கேள்விக்குக் காது. திராட்சைச் சரிவுகள், கல் மதில்கள், கால்வாய்க் கரைப் பாதை, மதகு திறக்கக் காத்து நிற்கும் படகு. அங்கிள் தலையாட்டினார். ஆட்டிய விதம் அவ்வளவு நன்றாக இல்லை. கணக்குச் சரிதான், ஆனால் பார்த்து எழுதினானோ என்று யோசிக்கும் வாத்தியார் ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். அந்தப் பெண் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பனின் தலையாட்டல் அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து அம்மா குசினிக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டாள். “தம்பி, உந்த ரோல்ஸைக் கொண்டுபோய்க் குடு!”

வேறு வழியில்லை, எழும்பிப் போனேன். தட்டோடும் மிளகாய் சோஸோடும் திரும்பி வரும்போது அங்கிள் கேட்டுக்கொண்டிருந்தார்: “தெற்கால எதிர்க்காத்து ஆளையே தூக்குமாம். அதுக்குள்ள எப்பிடி ஓடினனீர்?”

காற்று எங்கள் பாடத்தில் இல்லை. மாமா என் கதிரையைப் பார்த்தார். கதிரை வெறுமையாக இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

“அது ஒரு வெளி, அங்கிள். ஒரு மரம் இல்லை. ரெண்டு பக்கமும் உப்புத் தரவை. காத்து நேர வராது, விலாவில குத்தும். பள்ளிக்கூடப் பெடியள் எல்லாம் இறங்கி உருட்டுவினம். பின்னால மீன்பெட்டி கட்டினவன் மட்டும் விழமாட்டான், பாரம்தானே. நாங்கள் என்ன செய்யிறது, பஸ் ஒண்டு வந்தா அதின்ரை மறைவில ஒட்டிக்கொண்டு மிதிக்கிறது. கரையில ஒரு சின்னச் சேர்ச் இருக்கு. அதில இறங்கி, சில்லறை போட்டு, மூச்சு வாங்கிப்போட்டுத்தான் மிச்சம்.”

அது பிரான்ஸ் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் ரோட்டில் உள்ள வல்லை வெளி. அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து நானே அதைக் கடந்திருக்கிறேன். மாமா அங்கே இருக்கிற முனியப்பர் கோயிலுக்கு ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்ச் ஆக்கியிருந்தார். அங்கிளும் அந்த வெளியைத் தாண்டி உள்ள வடமராட்சிக்காரர். எல்லாம் போச்சு, வில்லாவுட்தான் என்று நினைத்தேன்.

பெரிய காரியம் செய்கிறவன் அந்த நேரத்தில் யோசிக்கமாட்டான். தட்டை அப்படியே வரைபடத்தின் மேல் போட்டேன். தட்டு உடைந்து ரோல்ஸ் நாலு திசைக்கும் உருண்டது. ப்ரொவான்ஸ் முழுக்க மிளகாய் சோஸ்.

“ஐயோ, உந்தப் பெடி!” என்று அந்த அன்ரி எழும்பினார். அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள். அது புர்கொனுக்கு உரிய காது.

அங்கிள் மட்டும் அசையவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. நல்ல வரைபடம் பழுதாய்ப் போனதுதான் காரணம் என்று நினைத்து நான் வெட்கப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, தம்பி காத்துக்குள்ள ஓடினவர்தான். கலியாணத்துக்கு நாள் பாருங்கோ.”

என் தட்டுத்தான் வென்றது என்று அன்றைக்கு நான் முழுதாக நம்பினேன்.

கலியாணம் முடிந்தது. அதோடு கதையும் முடிந்தது என்று மாமா நினைத்தார். ஆனால் விசா சரிவந்த அடுத்த கோடையில் அங்கிள் மருமகனையே வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு பிரான்ஸுக்கு வெளிக்கிட்டார். முதல் நாளே மாமா சூரியகாந்தித் தோட்டம் ஒன்றுக்குள் வழி தவறினார். அங்கே நின்ற கிழவனிடம் பிரெஞ்சில் வழி கேட்டார். மாமாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு கோப்பை, கரண்டி, கெதியாச் செய் என்பவைதான். கிழவன் மிரண்டு வீட்டுக்குள் போய்விட்டான். பிறகு தெற்கில், மரமில்லாத ஒரு வெளியில், உண்மையான காற்று வந்து மாமாவின் விலாவில் குத்தியது. பின்னால் அவருடைய மறைவில் ஒட்டிக்கொண்டு வந்த அங்கிள் சத்தமாகக் கேட்டார்.

“மருமோன், வல்லையை விட இஞ்ச காத்துக் குறைவு, என்ன?”

மாமா சைக்கிளோடு வாய்க்காலுக்குள் இறங்கினார்.

வாய்க்கால் கரையில் உட்கார்ந்துதான் அங்கிள் எல்லாம் சொன்னாராம். நான் நூலகத்தில் எடுத்த அதே புத்தகம் அவருடைய கட்டிலடியிலும் கிடந்தது. லுவாரையும் புர்கொனையும் மாமா வரிக்கு வரி ஒப்பித்தபோதே எழும்பிப் போக நினைத்தாராம். அப்போதுதான் வல்லை வந்தது. தபால் கந்தோருக்கு அவர் தினமும் மிதித்த ரோட்டு. ஸ்ட்ராத்ஃபீல்ட் வரைக்கும் காரில் சிரித்துக்கொண்டு போனாராம். “பொய் சொன்னாலும் எங்கட ரோட்டால வந்தெல்லோ பொய் சொல்றான்” என்று மகளிடம் சொன்னாராம்.

அந்த நாட்களில் வல்லையால் யாரும் நினைத்தபடி போய்வர முடியாது. வழியில் காவலரண்கள் இருந்தன. ஒரு மனிதர் பிரான்ஸ் வரைபடத்தை வைத்துக்கொண்டு உண்மையில் எந்த ரோட்டைத் தேடினார் என்பது, சோஸ் துடைத்துக்கொண்டு நின்ற பதினொரு வயதுக்கு எப்படி விளங்கும்?

இப்போது மாமாவும் மாமியும் கலியாண நாளைப் பெரிதாகக் கொண்டாடப் போகிறார்கள். அவர்களுடைய மகள் திரையில் படம் போட்டு எல்லாருக்கும் நன்றி சொல்லப் போகிறாள். காலமான அங்கிளுக்கு நன்றி, அவருடைய சைக்கிளுக்கு நன்றி, காற்றுக்குக்கூட நன்றி. என் பெயர் இல்லை. மாமாவைக் கேட்டேன். “நீ என்னடா செய்தனீ? தட்டை உடைச்சனீ,” என்றார்.

தட்டை விடுங்கள். அந்த நேரம் நான் ரோல்ஸ் எடுக்க எழும்பிப் போகாமல் கதிரையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மாமா என் மூக்கைப் பார்த்திருப்பார், புத்தகத்தில் இன்னொரு பக்கத்தை ஒப்பித்திருப்பார், அங்கிள் வரைபடத்தை மடித்துக்கொண்டு போயிருப்பார். நான் இல்லாத இடத்தில்தான் வல்லை வெளி வந்தது. அந்த இடத்தைக் காலியாக்கிக் கொடுத்தவன் நான். ஆகவே மச்சாளுக்கு இதன் மூலம் அறியத் தருவது: ‘நெருங்கிய உறவினர்’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பக்கூடாது. என் பெயரை முழுதாக, மைக்கில், சாப்பாடு திறக்க முதல் சொல்ல வேண்டும். சாப்பாடு திறந்த பிறகு சொன்னால் நம் சனம் ஒருவருக்கும் காது கேட்காது.