எட்டு நாள் மூடிய கவுண்டர்

வாகனப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் மூணாம் நம்பர் அக்கா என்றுதான் சொல்வார்கள். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. அதன் வலது கை உடைந்து கம்பி சுற்றியாயிற்று, அந்தக் கம்பியும் துருப்பிடித்தாயிற்று, அக்கா மட்டும் அப்படியே இருந்தாள். யாருக்காகவும் ஒரு தாளை முன்னால் தள்ளிவிட்டது கிடையாது, யார்மேலும் எரிந்து விழுந்ததும் கிடையாது. "என் கையில ஒண்ணும் இல்லைங்க" என்று அவள் சொன்னால் ஜனங்கள் நம்பித் திரும்பிப் போவார்கள். அவள் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவர் தன் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வந்தபோதுகூட வரிசையில்தான் நிற்க வைத்தாள். "பொண்டாட்டி ஃபேனுக்குக் கீழ, நான் வெயில்ல" என்று அவர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஏற்பாடு வருகிறது என்று ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் பலகையில் மாதிரி உரிம எண் ஒன்றை எழுதி, அதை வைத்து உரிமத்தை ரத்து செய்து பழகச் சொன்னார். பத்துப் பேரும் ஒரே எண்ணைத் தட்ட, கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டது.

"சரி, வேற ஏதாவது எண்ணைப் போடுங்க. இது சும்மா பயிற்சிதான், எதை அமுத்தினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் அவர்.

மற்றவர்கள் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டார்கள், அப்படி ஓர் எண்ணே இல்லை என்று வந்தது. கோப்பை எடுத்து யாரோ ஒருவர் எண்ணைப் போட அக்காவுக்கு மனசு வரவில்லை. ஊரார் உரிமத்தில் கைவைக்கலாமா? அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே எண்தான், வீட்டுக்காரருடையது. அதைப் போட்டு, ரத்து என்ற கட்டத்தை அமுத்தினாள். "பாருங்க, அம்மா எவ்வளவு அழகா பண்ணிட்டாங்க!" என்று சொல்லிக்கொடுக்க வந்தவர் எல்லோரையும் கைதட்ட வைத்தார். ரத்து செய்ததை மீட்பது எப்படி என்பது மறுநாள் பாடம். அந்த மறுநாள் வரவே இல்லை. பழைய பதிவுகளைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார்கள்.

எட்டு நாள் மூடல் என்று வாசலில் ஒட்டினார்கள். மூடல் ஜனங்களுக்குத்தான். ஊழியர்கள் ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போட்டு, முழங்கால் உயரத்துக்கு இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்து, ஐந்தரை வரை உள்ளே அடைந்து கிடக்க வேண்டும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு தண்டனை கிடையாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் முகம் வெளுத்து வந்தார்.

"போலீஸ்காரர் வண்டிய நிறுத்திக் கைக்கருவியில பார்த்தாரு. என் லைசென்ஸ் ரத்துங்குது! எந்த மடையன் பண்ணின வேலையோ தெரியல."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கைதட்டல் காதில் கேட்டது. பயிற்சியில் போட்டதும் நிஜப் பதிவோடு சேர்ந்து போயிருக்கிறது.

மற்ற நேரமாக இருந்தால் பரவாயில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வேலை, நிரந்தர வேலை, கிட்டத்தட்டக் கைக்கு வந்திருந்தது. அலுவலகம் திறக்கிற அதே நாள் பகல் பன்னிரண்டுக்குள் செல்லுபடியாகும் உரிமத்தைக் காட்ட வேண்டும். அடுத்த மாதம் அவருக்கு ஐம்பது. ஐம்பது ஆனவர்களை எடுக்கமாட்டார்கள். இருபது வருடம் அடுத்தவன் காரை ஓட்டித் தேய்ந்த மனிதருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கூடுதல் அவகாசம் கேட்டுப் பார்த்தார், முடியாது என்றுவிட்டார்கள்.

அக்கா மேலதிகாரியிடம் பூசி மெழுகிக் கேட்டாள். "யாரோட உரிமமாவது தப்பா ரத்தாயிருந்தா என்ன சார் பண்றது?"

"யாரா இருந்தாலும் திறந்த அன்னிக்கு நேர்ல வரணும்மா. இப்போ கம்ப்யூட்டருக்குள்ள நுழைய எனக்கே வழியில்ல."

அந்த வட்டத்தின் முன்னால் ஆறு நாள் உட்கார்ந்தாள். அதற்குப் பின்னால்தான் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, தொட முடியாது. வெளியே ஜனங்கள் ஷட்டரைத் தட்டுவார்கள். பொறுமைசாலி என்று அவளைத்தான் அனுப்புவார்கள். குனிந்து அந்த இடைவெளியில் முகத்தைக் காட்டி, "என் கையில ஒண்ணும் இல்லைங்க" என்பாள்.

வீட்டில் இன்னும் மோசம். சோற்றைப் பிசைந்தபடியே அவர் திட்டுவார். "குடும்பம் இருக்கிறவன் இப்படிச் செய்வானா? அவன் கை விளங்குமா?" பிறகு அவளைப் பார்த்துக் குரல் தணிவார். "நீ ஏன் சாப்பிடாம இருக்க? நீ என்ன பண்ணுவ பாவம், உன் கையில என்ன இருக்கு?" அதைக் கேட்பதற்கு அந்தத் திட்டே தேவலை. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயைத் திறப்பாள். மோர் ஊற்றட்டுமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வாள். பயம்தான், வேறென்ன.

திறந்த அன்று வரிசை தெருமுனை தாண்டியது. அவர் விடியற்காலையே போய் நின்றும் கவுண்டருக்கு வரும்போது பதினொன்றே கால்.

"எண் சொல்லுங்க" என்றாள், எல்லோரையும் கேட்பதுபோல.

உரிமம் திரையில் வந்தது. மீட்பு என்ற கட்டமும் இருந்தது. ஆனால் ரத்தானதற்குக் காரணம் கேட்டது. நீதிமன்ற உத்தரவு, காவல்துறைப் பரிந்துரை, உரிமதாரர் இறப்பு, உரிமதாரர் தவறு. நாலே வரி. அவள் மேலும் கீழும் தேடினாள்.

"ஆபீஸ் தப்புன்னு போடு" என்றார் அவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

"அப்படி ஒண்ணு இல்லைங்க."

"இல்லாம எப்படி? எவனோ ஒருத்தன் பண்ணியிருக்கான்ல?"

"எவனும் இல்லைங்க." விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "நான்தான். பயிற்சியில உங்க எண்ணைப் போட்டு அமுத்தினேன். ஒண்ணும் ஆகாதுன்னாங்க."

பின்னாலிருந்து ஒருவர், "குடும்பக் கதைய அப்புறம் பேசுங்க, நேரமாவுது" என்று குரல் கொடுத்தார். வீட்டுக்காரர் திரும்பவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உரிமதாரர் தவறுன்னே போடு."

"அது உங்க பேர்ல கடைசிவரைக்கும் நிக்கும்."

"நிக்கட்டும். அமுத்து."

பத்தொன்பது வருடத்தில் அவள் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது, அதுவும் அவர் தலையில். அமுத்தினாள். தாள் வந்தது. அவர் வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். கதவுவரை போனவர் திரும்பி வந்து, கண்ணாடி ஓட்டையில் குனிந்தார்.

"அப்போ இத்தனை நாளா நான் திட்டினதெல்லாம் உன்னையா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.