மாடிப்படி இருட்டுக்கு நானே பொறுப்பு

எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படி விளக்குக்கு ஜூன் மாதம் டைமர் வைத்தவன் நான்தான். மாலை ஆறே முக்காலுக்கு எரியும். இனி எதற்கு என்று பழைய சுவிட்சையும் கழற்றிவிட்டேன்.

"பனிக்காலத்துல சீக்கிரம் இருட்டிக்குமேங்க சார்?" என்று ஹனூர்க்கார வாட்ச்மேன் அன்றே கேட்டார்.

நான் பூமியின் சாய்வைப் பற்றி வகுப்பே எடுத்தேன். "பகல் நீளமெல்லாம் நார்வேலதான் மாறும். மைசூருல மாறாது."

இன்று டிசம்பர். ஆறேகாலுக்கே படியில் இருட்டு. மேல்வீட்டுச் செல்வி அக்கா இட்லி மாவுப் பாத்திரத்தோடு உருண்டு விழுந்தார். முழங்காலில் ரத்தம்.

ஓடிப்போய்த் தூக்கினேன். தூக்கும்போதும் வாய் நிற்கவில்லை. "நார்வே அளவுக்கெல்லாம் இல்லக்கா, இங்க முக்கா மணி நேரந்தான் முன்னாடி இருட்டுது."

"அந்த முக்கா மணி நேரத்துலதான் மகராசா நான் விழுந்தேன்!"

டைமரை ஐந்தரைக்கு மாற்றினேன். காலில் கட்டோடு அக்கா கேட்டார்: "ஜூன்ல திரும்ப மாத்தணுமா?"

"வேண்டாங்க்கா, வருஷம் பூரா அப்படியே எரியட்டும்."

இந்த முடிவுக்கு வர எனக்கு நான்கு வருட இன்ஜினியரிங் தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் அடுக்ககத்திலும் இப்படியொரு மேதை இருந்தால் சொல்லுங்கள். தனியாக அவமானப்படக் கஷ்டமாக இருக்கிறது.