இழுவைக்கு வாங்கிய ஜீப்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு காகம். கரையோரம் நின்ற படகின் பின்விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே குனிந்து அலகை நனைத்து, தலையைத் தூக்கி விழுங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி மாதம். இரவெல்லாம் பெய்த மழை, நாங்கள் கடலூரைவிட்டுப் புறப்பட்டபோதுதான் நின்றிருந்தது. இருபத்திரண்டு வருடம் நாளிதழில் வேலை பார்த்தவன் நான். போய் இறங்கும் இடத்தில் மணியைப் பார்ப்பதும், முதலில் தெரிவதை மனதில் குறித்துக்கொள்வதும் பழக்கமாகிவிட்டது. காகத்தையும் குறித்துக்கொண்டேன்.

இடம் சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழியின் கரை. சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு விடும் ஒரு காண்டிராக்டரின் துறை அது. எட்டு ஃபைபர் படகுகள் வைத்திருந்தார். அதில் ஒன்றை இரண்டு சக்கர இரும்பு டிரெய்லரில் ஏற்றி, சக்கரம் தண்ணீரைத் தொடும் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து மேலே சாலை வரை, செம்மண்ணும் ஜல்லியும் கொட்டி இறுக்கிய ஒரு சரிவு. நாற்பது அடி இருக்கும். சரிவின் உச்சியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காண்டிராக்டர் உட்கார்ந்திருந்தார்.

நான் வந்தது என் மனைவியின் தம்பியோடு, அவனுடைய ஜீப்பில். அந்தப் படகை அவன் உச்சிவரை இழுத்துக் காட்டினால், வருடம் முழுவதும் படகு இழுக்கும் வேலை அவனுக்கு. அதற்காகத்தான் ஜீப்பை வாங்கியிருந்தான். ஜீப் வாங்குவதற்காக, குட்டி யானை என்று சொல்லும் தன் சின்ன லோடு வண்டியை விற்றிருந்தான்.

மச்சானுக்குக் காடாம்புலியூர். பலா சீசனில் பழம் ஏற்றுவான், மற்ற மாதங்களில் முந்திரி மூட்டை. சொந்த வண்டி வாங்குவதற்கு முன் ஆறு வருடம், அண்ணாகிராமம் பக்கம் முந்திரி ஆலை வைத்திருக்கும் அவன் மனைவியின் அண்ணன்களிடம் லாரி ஓட்டினான். அந்த வீட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், மாப்பிள்ளை என்றும் கூப்பிட மாட்டார்கள். 'வண்டி' என்பார்கள். "வண்டி வந்துடிச்சா?" "வண்டிக்கு சோறு போட்டாச்சா?" ஒருமுறை நான் அங்கே இருந்தபோதே இப்படிக் கேட்டார்கள். அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவியும் அங்கேதான் நின்றாள்.

குட்டி யானைக்கு லோடு குறைந்தபோது, திரும்பி வரச்சொல்லி அண்ணன்கள் ஆள் அனுப்பினார்கள். அவன் என்னைத் தேடிக் கடலூருக்கு வந்தான். அங்கே போவதைத் தவிர எதுவாக இருந்தாலும் செய்கிறேன் என்றான். அந்தச் சமயத்தில்தான் இந்தக் காண்டிராக்டருக்கு இழுவை வண்டி வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார்.

படகுகளுக்கு அடிப்பக்கம் விரிசல் விடும். ஒட்டுப்போடக் கடலூர் முதுநகருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அதுவரை குமராட்சிப் பக்கத்து டிராக்டர்காரர் ஒருவர் அந்த வேலையைச் செய்துவந்தார். டிராக்டர் எதையும் இழுக்கும். ஆனால் கடலூர் போய்ச்சேர அரை நாள் ஆகும், அதன் பல்சக்கரம் ஒவ்வொரு முறையும் சரிவைக் கிழித்துவிடும். மேட்டையும் ஏற வேண்டும், சாலையிலும் ஓட வேண்டும், அப்படி ஒரு வண்டி கொண்டுவா என்று காண்டிராக்டர் சொல்லியிருந்தார்.

மூன்று வாரம் நானும் மச்சானும் வண்டி பார்த்தோம். குட்டி யானை முதுகில் சுமக்கும், பின்னால் பாரத்தைக் கொக்கியில் மாட்டினால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் நிற்காது. பிக்கப் வண்டிக்குப் பின்சக்கரம் மட்டுமே சுற்றும், ஈர மேட்டில் வழுக்கும், விலையும் எட்டவில்லை. ஜீப்பென்றால் நான்கு சக்கரமும் சுற்றும், மேடேற அடி கியர் தனியாக இருக்கும். பண்ருட்டியில் இரண்டு பார்த்தோம், கடலூரில் ஒன்று. பேட்டி எடுப்பதுபோல நான்தான் கேள்விகள் கேட்டேன். எடை, டயர், கொக்கியின் உயரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். துறைமுகத்துக்குப் போகும் வழியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக், கடலூர் ஜீப்பின் அடியில் படுத்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இழுக்குறத எந்த வண்டியும் இழுக்கும் சார். இழுத்தத நிறுத்தி வெக்கணும், அதுக்குத்தான் கனமான வண்டி வேணும். இது நிக்கும். கிளட்ச் பிளேட்டுதான் பாதிக்கு மேல தேஞ்சி கெடக்குது. ஏத்தத்துல அரை கிளட்சுல நிறுத்தாம ஓட்டுனா ஒரு வருஷம் வரும்."

பிளேட்டை மாற்ற ஒரு வாரம் வண்டியை விடவேண்டும். காண்டிராக்டர் வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருந்தார். மச்சான் என்னைப் பார்த்தான். ஒரு மேடுதானே, வேலை கிடைத்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைதான் அது. டிராக்டர்காரரும் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் வேலை போகப்போகிற நாளில் அவர் முகத்தில் வருத்தம் இல்லாதது எனக்குத் தெரிந்தது. படகோட்டிகள் ஆறு பேர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தேன்.

"பலாப்பழம் ஏத்துற ஊரா? இது உருளாது மச்சான், பாத்து," என்றார் டிராக்டர்காரர். ஆறு பேரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சுக்கு அவ்வளவு சிரிப்பு அதிகம். அதையும் கவனித்தேன்.

காண்டிராக்டர் மேலிருந்தே பேசினார். நிறுத்தி நிறுத்தி ஏற்றக்கூடாது, ஒரே மூச்சில் வரவேண்டும், படகு விழுந்தால் பொறுப்பு அவனுடையது என்றார். மச்சான் தலையாட்டினான். ஜீப்பைப் பின்னால் நகர்த்திக் கொக்கியை மாட்டி, பூட்டு ஊசியைச் சொருகி, காப்புச் சங்கிலியையும் போட்டான். இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். பிறகு டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைக் காலால் மிதித்தான்.

"மாமா, டயரு இவ்ளோ அமுங்கியிருக்குதே."

கரையில் பேச்சு நின்றது. டிராக்டர்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"மண்ணுல இழுக்கறதுக்குக் காத்து கொறச்சி வெச்சிருப்பாங்க மச்சான்," என்றேன். அதை எங்கோ படித்திருந்தேன்.

அவன் சரி என்று ஏறி உட்கார்ந்தான். டிரெய்லரின் மேல் படகு எங்கள் தலைக்கு மேலே இருந்தது. முன்பாதியை நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. பின்பாதி திறந்திருந்தது. ஏறிப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. எஞ்சின் சத்தத்தில் காகம் பறந்தது.

ஆறு முப்பத்தைந்துக்கு ஜீப் நகர்ந்தது. முதல் பத்து அடி சுத்தமாக ஏறியது. டிரெய்லரின் சக்கரங்களும் சரிவில் ஏறியதும் படகின் மூக்கு உயர்ந்தது, உள்ளே ஏதோ ஒன்று முன்னிருந்து பின்னுக்குப் போய் மோதும் சத்தம் கேட்டது. பாரம் பின்னால் போனதும் டிரெய்லரின் கொக்கி மேல்நோக்கி எழும்பி, ஜீப்பின் பின்பக்கத்தையும் தூக்கியது. பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் போனது. முன்சக்கரங்கள் மட்டும் பிடித்திருந்தன. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மச்சான் செய்யக்கூடாததைச் செய்தான். வேறு வழி இல்லை. அரை கிளட்சில் நிறுத்தி, வேகம் கூட்டினான்.

கருகும் வாடை முதலில் வந்தது. பிறகு ஜீப்பின் அடியிலிருந்து புகை. யாரோ விசிலடித்தார்கள். "இன்னும் மிதி, இன்னும் மிதி" என்று ஒருவன் கத்தினான். மச்சான் அதை உதவி என்று எடுத்துக்கொண்டு மிதித்தான். எஞ்சின் அலறியது, வண்டி அசையவில்லை. பிறகு மெல்லப் பின்னால் வழுக்கத் தொடங்கியது. படகின் பின்விளிம்பில் தண்ணீர் தளும்பி வழிவதை அப்போது பார்த்தேன். நான் கத்தவில்லை. இந்த நேரத்தில் அவன் காலை எடுத்தால் எல்லாம் கழியில் போய்விடும் என்று நினைத்தேன். அவன் பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். டிரெய்லர் பாதிச் சக்கரம் தண்ணீருக்குள் போய் நின்றது. மெக்கானிக் சொன்னதுபோல ஜீப் நின்றது.

டிராக்டர்காரர் அவசரப்படாமல் இறங்கி வந்து ஜீப்பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அப்புறம் முழங்கால் தண்ணீரில் நடந்து, படகின் பின்பலகைக்கு அடியில் கைவிட்டு, கரையில் இருக்கும்போது திறந்திருக்க வேண்டிய துளையிலிருந்து ஒரு ரப்பர் தக்கையைத் திருகிக் கழற்றினார். மணிக்கட்டுப் பருமனுக்குத் தண்ணீர் பீறிட்டது. மச்சான் இறங்கி வந்து பக்கத்தில் நின்றான். அது நின்று சொட்டத் தொடங்கும்வரை அவன் அதையே பார்த்தான். பதினோரு நிமிடம்.

"தண்ணியா?" என்றான். கடைசியில் அதைத்தான் கேட்டான்.

"ராத்திரி பேஞ்சது. அதுக்கு முன்னாடி பேஞ்சதும் இருக்கும்," என்றார் டிராக்டர்காரர். தக்கையை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். "பேப்பர்காரரு கண்ணுக்கே தெரியலன்னா இவுரு என்னா பண்ணுவாரு, பாவம்."

காண்டிராக்டர் தேநீரை முடித்துவிட்டுக் கீழே வந்தார். அவர் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. புதிதாக வருகிற எவனுக்கும் அந்தத் துறையில் இதுதான் வழக்கம் என்றார். டிராக்டர்காரருக்கும் முதல்நாள் இப்படித்தான் தக்கையோடு இழுக்கவிட்டார்களாம். டிராக்டர் என்பதால் தண்ணீரோடு இழுத்துவிட்டதாம், ஆறு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.

"மனசுல வெச்சிக்காத தம்பி. பின்னாடி என்ன பாரம் கெடக்குதுன்னு ஏறிப் பாக்காம கொக்கிய மாட்டுறவன் நீ. உன்ன நம்பி கடலூரு வரைக்கும் நான் எப்டி படகு அனுப்புறது?"

மச்சான் கொக்கியின் ஊசியைக் கழற்றப் போனான். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

காலியான படகை, ஜீப்பிலிருந்து கழற்றிவிட்டு, ஆறு படகோட்டிகள் சேர்ந்து டிரெய்லரோடு கையாலேயே உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருவன் கால் இடறியதற்கு மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவ்வளவு லேசாக இருந்தது அது. ஜீப்புக்குக் கியர் விழுந்தது, ஆனால் கிளட்ச் கருகிப்போயிருந்ததால் சக்கரம் சுற்றவில்லை. டிராக்டரில் சங்கிலி கட்டி அதை மேலே இழுத்துவிட்டார்கள். சங்கிலியை மாட்டும்போது மச்சானே குனிந்து பிடித்துக்கொடுத்தான். எட்டேகால் மணிக்கு, சரிவின் ஓரம் ஒரு பூவரச மரத்தடியில் ஜீப்பை விட்டுவிட்டு, மினிபஸ்ஸில் சிதம்பரம் வந்து, அங்கிருந்து கடலூர் பஸ் ஏறினோம். டிக்கெட்டை அவன்தான் எடுத்தான், நான் கொடுத்தும் வாங்கவில்லை. பரங்கிப்பேட்டை கைகாட்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினான்.

"டயர நான் பாத்தேன் மாமா," என்றான்.

"ஆமாம்," என்றேன்.

வீட்டில் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "நீங்க கூடத்தான இருந்தீங்க? உங்களுக்கும் ஒண்ணும் தெரியலியா?" காகம் தண்ணீர் குடித்ததைச் சொன்னேன். சுற்றிலும் உப்புத் தண்ணீர், அது படகுக்குள் குனிந்துதான் குடித்தது என்று சொன்னேன். "மணியும் பாத்திருப்பீங்களே," என்றாள் அவள். அதற்குப்பின் இதைப்பற்றி அவள் என்னிடம் பேசியது இல்லை.

ஜீப்பைக் கடலூருக்கு இழுத்துவரச் செலவு, பிளேட்டு மாற்றச் செலவு, எதற்கும் அவனிடம் வழி இல்லை. நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் மாமா என்றான். குரலில் மரியாதை இருந்தது, வேறெதுவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, மரத்தடியில் கிடப்பதை என்ன செய்யப்போகிறாய் என்று காண்டிராக்டர் ஃபோன் செய்தார். வாங்கியதில் பாதி விலைக்கு அவருக்கே கொடுத்துவிட்டான்.

தை பிறந்ததும் மனைவியின் அண்ணன்களிடம் லாரி ஓட்டப் போய்விட்டான். மாசி மகத்தன்று ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவன், அவர்கள் வீட்டுக்கும் போனேன். கூடத்தில் நான்கைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வண்டியோட மாமா வந்துருக்காரு பாரு."

வெளியே லாரியைக் கழுவிக்கொண்டிருந்த மச்சான் ஈரக் கையோடு வந்து வாங்க மாமா என்றான். அவன் மகளும் வந்து வாசற்படியில் நின்றாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். கழுவி முடித்தாயிற்றா என்று மூத்தவர் கேட்டார். ஒரு பக்கம் பாக்கி என்றான். அதை முடித்துவிட்டு வா என்றார். போனான்.

பங்குனியில் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பகல் பதினொன்று இருபது. முன்சீட்டில் இருந்ததால் சாலை தெரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு டிரெய்லரில் படகு போய்க்கொண்டிருந்தது. அதை இழுத்துப்போனது அந்த ஜீப். பஸ் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன், ஓட்டியவர் குமராட்சி டிராக்டர்காரர். வண்டி சீராக ஓடியது. படகின் பின்பலகையில், தக்கை இருக்கும் இடத்தில், துளை திறந்திருந்தது.