ஒரு பத்திரத்தில் இரண்டு பிள்ளைகள்

ஜெயலெட்சுமிக்கு ஐம்பத்திரண்டு வயது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அது பத்திரத்து வயசு. எனக்கு அம்பது இன்னும் நெறையல" என்பாள்.

தெமோதரையில் ரயில் பாதையைத் தாண்டி மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில் இந்தக் கதை தெரியாதவர் கிடையாது. எழுபத்து நான்காம் வருஷத்துப் பஞ்சத்தில் ஜெயலெட்சுமி என்றொரு பிள்ளை செத்துப்போனது. இரண்டு வயதுகூட ஆகவில்லை. அதே வருஷம் கார்த்திகையில் இன்னொரு பெண் பிறந்தது. செத்ததைப் பதிய யாரும் போகவில்லை. பிறந்ததைப் பதியவும் போகவில்லை. கோதுமை மா வாங்க வழியில்லாத காலத்தில் வேலையை விட்டுவிட்டு டவுனுக்கு இறங்க யாருக்கு முடியும்? வீட்டில்தான் ஒரு பிறப்புப் பத்திரம் சும்மா கிடந்ததே. அக்காவின் சட்டையைத் தங்கைக்குப் போடுவதுபோல, பெயரையும் பத்திரத்தையும் அடுத்ததற்கு மாட்டிவிட்டார்கள். அந்த அடுத்ததுதான் இவள். இதை இவளுக்கு விவரம் தெரிந்த நாளிலேயே அப்பா சொல்லிவைத்திருந்தார்.

வேறொருத்தியாக இருந்தால் கூசியிருப்பாள். ஜெயலெட்சுமி அதையே ஒரு கெத்தாக வைத்துக்கொண்டாள். மலையில் கொழுந்தெடுக்கும்போது குளவி கலைந்து பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இவள் மட்டும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே குந்திவிடுவாள். கேட்டால், "நான் ஏற்கெனவே ஒருக்கா செத்தவ, என்னை எதுக்கு மறுபடி கொட்டப்போகுது" என்பாள். அவள் புருஷன் மாரிசாமிக்கும் அது ஒரு வேடிக்கை. "ரெண்டு பேரைக் கட்டிக்கிட்டு ஒருத்திக்குத்தான் சோறு போடுறேன், எனக்கு லாபம்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பான்.

அந்தச் சிரிப்பெல்லாம் அவள் அம்மா கருப்பம்மாவின் புத்தி தடுமாறத் தொடங்கியதோடு போயிற்று.

முதலில் கிழவி அடுப்பை மறந்தாள். பிறகு புருஷன் செத்ததை மறந்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்தாள். அதையெல்லாம் ஜெயலெட்சுமி சமாளித்தாள். ஒரு நாள் மத்தியானம் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது கிழவி சட்டென்று திரும்பிக் கேட்டாள்.

"ஜெயா, சின்னது எங்கடி?"

"எந்தச் சின்னது?"

"ஒன் தங்கச்சி."

"நான்தானம்மா சின்னவ. செத்தது அக்கா."

கருப்பம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வையில் தடுமாற்றமே இல்லை. "நீ எப்படிடி சின்னவளாவ? நீ நடந்து திரிஞ்சியே. செத்தது கைப்புள்ள. அதுக்கு மிஞ்சவிடாம எல்லாப் பாலையும் நீதான குடிச்ச. இழுத்து இழுத்து அந்தாண்ட போட்டேன், கேட்டியா?"

அன்று சாயந்தரமே ஜெயலெட்சுமி இதை வீட்டில் சொன்னாள்.

பைத்தியத்தின் பேச்சு என்றான் மாரிசாமி. மகள் நிரஞ்சலாவும் அதையேதான் சொன்னாள். பதுளை டவுனில் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், இந்த நோயைப் பற்றி நாலு விஷயம் தெரிந்தவள். "அம்மாச்சிக்கு எல்லாம் கலங்கிப்போச்சும்மா. நேத்து என்னைய மிட்வைப்னு நெனச்சுக்கிட்டு சண்டை பிடிச்சாங்க."

ஆனால் ஜெயலெட்சுமிக்கு உள்ளே ஒன்று அறுந்துவிட்டது. ஐம்பது வருஷம் அவள் நின்ற தரை ஒரே ஒரு வாக்கியம்: அக்கா செத்தாள், அதற்குப் பிறகு நான் வந்தேன். பஞ்சத்தில் அவளுக்குப் பங்கில்லை. யார் பசிக்கும் அவள் பொறுப்பில்லை. இப்போது அம்மா சொல்கிற கணக்கில் பத்திரம் அவளுடையதேதான், வயதும் அவளுடையதேதான், ஒரு சாவும் அவளுடையதுதான்.

"அப்ப அப்பா ஏன் எங்கிட்ட மாத்திச் சொன்னாரு?" என்று இன்னொரு நாள் கேட்டாள்.

"ஒனக்குத் தெரிய வேணாம்னுதான்" என்றாள் கிழவி. சொல்லிவிட்டு, அவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லையே என்று எட்டிப் பார்த்தாள்.

அதுதான் கொடுமை. ஒரே வாயில் ஒரே மூச்சில் இரண்டும் வந்தன. செத்த மனுஷனை வாசலில் தேடுகிற மூளை, செத்த பிள்ளையை மட்டும் சரியாக ஞாபகம் வைத்திருக்குமா? வைத்திருக்காது என்று யார் அடித்துச் சொல்வது?

இதில் இன்னொரு உபத்திரவமும் சேர்ந்தது. ஜெயலெட்சுமிக்கு ஒரு ஞாபகம் வரத் தொடங்கியது. சூடான, இருட்டான, புளித்த பால் மணம், யாரோ கையைப் பிடித்து இழுத்துத் தரையில் போடுவது, தரையின் சில்லிப்பு. அம்மா சொன்ன பிறகு முளைத்ததா, முன்பே இருந்து இப்போதுதான் தெரிகிறதா? தன் தலைக்குள் இருப்பது தன்னுடையதுதானா என்று தேட அவளிடம் வேறு தலை இல்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தப் பஞ்ச காலத்து ஆட்கள் யாரும் தோட்டத்தில் மிஞ்சியிருக்கவில்லை. ஒரு லீவு நாள் மகளை இழுத்துக்கொண்டு பதுளைக் கச்சேரி அலுவலகத்துக்குப் போனாள். பழைய பதிவுகளைத் தேடிக் கொடுத்தவர் ஷுக்ரி என்ற எழுதுவினைஞர். நல்ல மனுஷர். மூன்று வருஷத்துப் புத்தகங்களைத் தூசி தட்டிப் பார்த்தார்.

"கருப்பம்மாங்கிற தாய்க்கு ஒரு பிறப்புத்தான் இருக்கு. எழுபத்திரண்டு ஆவணி. ஜெயலெட்சுமி."

"சாவு?"

"சாவு இல்ல."

"எழுபத்து மூணுல, நாலுல வேற பொறப்பு?"

"அதுவும் இல்ல அக்கா. இந்தப் புத்தகத்துல ஒரு ஆள்தான் பிறந்திருக்கு. அந்த ஆள் சாகவும் இல்ல. நீங்கதான் அது."

"அதைத்தான் அய்யா நானும் கேக்குறேன். நானான்னு."

ஷுக்ரி அவள் அடையாள அட்டையை எடுத்து முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்தார். "நீங்கதான்" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். நிரஞ்சலா தலையைக் குனிந்துகொண்டாள்.

க்ளினிக்கில் பிரஷர் பார்க்கும் டாக்டரம்மாவிடமும் கேட்டுப் பார்த்தாள். உடம்பைப் பார்த்து வயதைச் சொல்ல முடியுமா, இரண்டு வருஷ வித்தியாசம் தெரியுமா என்று. "சின்னப் பிள்ளையா இருந்தப்ப வந்திருந்தா ஒருவேளை சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்திருந்தாலும் தெரிந்திருக்காது என்று ஜெயலெட்சுமி நினைத்துக்கொண்டாள். அந்தப் பஞ்ச வருஷங்களில் லயத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே உயரம்.

கருப்பம்மாவோ ஒவ்வொரு நாளும் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். தன் தேத்தண்ணீரைத் தொட மாட்டாள். "மொதல்ல சின்னதுக்குக் குடு." ஏசிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் ஜெயலெட்சுமி ஒரு சின்ன டம்ளரில் பால்மா கரைத்துக் கிழவியின் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் கிழவி வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து தினமும் அந்த டம்ளர்.

பால்மா விற்கிற விலையில் அதைக் கொட்ட மனசு வருமா? கிழவி கண்ணயர்ந்ததும் ஜெயலெட்சுமியே குடித்துவிடுவாள். ஒரு நாள் குடித்து முடித்து டம்ளரை இறக்கும்போது பார்த்தாள். கருப்பம்மா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள்.

"இன்னைக்கும் குடிச்சிட்டா பாரு" என்றாள் கிழவி, யாரிடமோ.

அன்று ஜெயலெட்சுமி டம்ளரைக் கழுவவில்லை. மறுநாள் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பொய்யோ நிஜமோ, அவளுக்கு அந்தக் கண்ணிலிருந்து ஒரு விடுதலை வேண்டியிருந்தது.

"அம்மா, நான் சின்னது. நான் சாகல. இங்கதான் இருக்கேன். என்னையப் பாருங்க."

கருப்பம்மா பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். கன்னத்தைத் தடவிய விரல்கள் ஒரு நொடி இளகினாற்போல இருந்தன. பிறகு கையை உருவிக்கொண்டாள்.

"பொய் சொல்லாத. அதுக்குப் பேச்சே வரலையே."

அதற்குப் பிறகு இருபது நாள் இருந்தாள். யாரையும் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. ஒரு வெயில் நாள், பெண்கள் மத்தியானக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

"போகட்டும் விடு" என்றான் மாரிசாமி. "மூத்தவளோ எளையவளோ, நாளான்னைக்கு நீ பெரட்டுக்குப் போகத்தான் வேணும்." ஆறுதலாகத்தான் சொன்னான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் லயத்துப் பெண்களுக்கு ஒப்பாரி சரியாக வராது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து ராக்கம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வேலைக்காரி வேலையைக் கேட்பதுபோல விவரம் கேட்டாள்.

"பெத்தது எத்தனை?"

"உசுரோட ஒண்ணுதான், இந்தா இருக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரி ஆரம்பித்தாள்.

"ரெண்டு" என்றாள் ஜெயலெட்சுமி. "ஒண்ணு பஞ்சத்துல செத்துப்போச்சு."

"தலச்சனா, எளசா? தலச்சனுக்குப் பாட்டு வேற."

தோட்டமே அறிந்த கதைதானே. மாரிசாமி, "தலச்சன்" என்று சொல்ல வாயெடுத்தான்.

ஜெயலெட்சுமி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நாடிக்கட்டு போட்டு வாயை இறுக்கியிருந்தார்கள். தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒருவேளை அவளுக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம். ஆனால் கடைசிவரை அவள் அழுதது ஒரு பிள்ளைக்காகத்தான். அந்தப் பிள்ளையை இல்லையென்று சொல்லித் தான் மட்டும் சுத்தமாக எழுந்து போக ஜெயலெட்சுமிக்கு முடியவில்லை.

"எளசு" என்றாள். "எம் பாலைக் குடிக்க வந்த தங்கச்சி. நான்தான் மிஞ்சவிடல."

மாரிசாமி அவளைப் பார்த்தான். கதை தெரிந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் மகள் சொன்னால் அதுதான் சாட்சி.

ராக்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பேரு என்ன சொல்லி அழட்டும்?"

"அதுக்கு இன்னும் பேரு வைக்கல."

ராக்கம்மா தலையை ஆட்டிக்கொண்டு, பெயர் இல்லாமலே பாடத் தொடங்கினாள்.